விட்ட மீன் போய் என்ன சொல்லும்

முந்தல்,
12-5-1978

அண்ணனுக்கு ஒச்சம்மாள் எழுதுவது.

நீ போடிமெட்டில் ரோட்டு வேலையில் சேர்ந்திருப்பதாக ஜீப்பு வீரையா அண்ணன் சொன்னார். சேட்டன் டீக்கடைக்கு எழுதிப் போட்டால் உன் கைக்கு வரும் என்றும் அவர்தான் சொன்னார். அதை அவரிடம் கேட்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜீப்பு வந்து நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் அவரே, "என்னத்தா, நாக்கை வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். ஜீப்பில் இருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். பேசுவதுதான் எனக்கு வராது. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். எட்டாவதோடு நின்றவள், பிழை இருந்தால் நீ சிரிக்காதே.

வீட்டில் உன் பேரை யாரும் சொல்வதில்லை. ஆத்தா போடிக்கு மீன் விற்கப் போகும்போது மெட்டிலிருந்து இறங்குகிற ஜீப்புகளை எல்லாம் எட்டி எட்டிப் பார்க்கிறதாம். கூட வியாபாரம் பண்ணுகிற முனியாயி அத்தை சொன்னது. அய்யா எப்போதும்போல் விடிந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றில் ஒத்தப்பாறைக் கசத்துக்குப் போகிறார். எப்போதும்போல் முதல் மீனைத் தண்ணீரில் விடுகிறார்.

அன்று நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அய்யா அந்தப் பனையேறிக் கெண்டையை இரண்டு கையிலும் ஏந்தி, "போய்ச் சொல்லு. மொக்கையன் கொஞ்சந்தான் எடுப்பான்னு சொல்லு" என்று விடப்போனார். நீ அதைப் பிடுங்கிப் பாறையில் அடித்தாய். "இது போய்ச் சொல்லிச் சொல்லித்தான் ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றாய். அய்யா உன்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நீ வீட்டில் இருந்திருப்பாய். "நான் இருக்கிறவரைக்கும் நீ இந்தத் தண்ணியில காலை வைக்காதே" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

நீ ஒன்றும் பேச வேண்டாம். ஒருநாள் வந்து அவர் எதிரில் நின்றால் போதும்.

இப்படிக்கு,
ஒச்சம்மாள்

*

போடிமெட்டு,
21-5-78

ஏத்தா ஒச்சு,

உன் கடுதாசி வந்துச்சு. சேட்டன் அதைச் சீனி டப்பாவுக்குள்ள பத்திரமா வச்சிருந்தாரு. எறும்போட சேர்த்துக் குடுத்தாரு. நீ இம்புட்டுப் பேசுவேன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல பதினஞ்சு வருசமா பேசினதை விட இதுல கூட இருக்கு.

இங்க குளிரு எலும்புக்குள்ள போகுது. மேகம் ரோட்டுல நடந்து வருது, முன்னால போறவன் முதுகு தெரியாது. பாறையில துளை போட்டு, தோட்டாவை வச்சு, திரியைப் பத்த வச்சுட்டு ஓடணும். அதுதான் சோலி. குரங்கணிக்காரன் காசிமாயன்னு ஒருத்தன் எனக்குக் கூட்டாளி. பயலுக்குப் பயமே கிடையாது. "மாப்ளே, ஓடாதே, நட. ஓடுனா வெடிக்குச் சந்தேகம் வந்துரும்"பான்.

அய்யா எதிர்ல வந்து நிக்கணுமா? எதுக்கு நிக்கணும்? அந்த வாரம் பூரா ஆத்தா வெறுங்கூடையோட முந்தல் விலக்குல நின்னுச்சே, அதை நீ எழுதலையே. ஊரு வாயெல்லாம், "என்ன சோலையம்மா, இன்னைக்குக் கூடையைத்தான் விக்கப் போறியா"ன்னு கேட்டுச்சே. அன்னைக்கு வந்த ஒத்த மீனு. அதையும் கும்பிட்டு விடுறதுக்கு நாம என்ன பண்ணையாரு வீடா?

பிடிபட்டவன் தப்பிச்சுப் போனா என்ன சொல்லுவான்? "நல்ல மனுசன், எல்லாரும் வாங்க"ன்னா சொல்லுவான்? "ஓடு"ன்னுதான் சொல்லுவான். இங்க ஒரு எஸ்டேட்ல வேலை பிடிக்காம ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியா இறங்கிட்டான். மறுவாரம் அந்த ஊருல இருந்து ஒரு ஆளு கூட எஸ்டேட் வேலைக்கு ஜீப்பு ஏறலை. மீனுக்கு மட்டும் புத்தி இருக்காதா?

நீதான் எந்நேரமும் பாறைக்கடியில உக்காந்து தண்ணிக்குள்ளயே பாத்துக்கிட்டுக் கிடப்பியே. நீயே பாத்துச் சொல்லு, விட்ட மீனு கூட்டத்தைக் கலைக்குதா இல்லையான்னு. காசிமாயன் கேட்டுட்டுச் சிரிக்கிறான். "ஒத்த மீனுக்கு எதுக்கு மாப்ளே இம்புட்டு வழக்கு? ஒரு தோட்டாவைக் கசத்துல போட்டா ஊரே மிதக்கும்"ங்கிறான்.

வெள்ளைத்துரை

*

முந்தல்,
9-6-1978

அண்ணனுக்கு,

நீ சொன்னபடி பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை.

ஒத்தப்பாறைக்கு அடியில் நான் உட்காரும் குடைவு உனக்குத் தெரியும். அங்கே இடுப்பளவு தண்ணீர்தான். மேலே ரோட்டில் நின்று பார்த்தால் பாறையின் முதுகுதான் தெரியும், உள்ளே இருக்கிற ஆள் தெரியாது. எனக்கு அந்த இடம் பிடித்ததே அதனால்தான். பனையேறிக் கூட்டமும் அங்கேதான் நிற்கும். நான் அசையாமல் இருந்தால் அவை என் காலுக்கு இடையிலேயே போகும். செவுளில் முள் இருப்பதால் உரசினால் கீறும்.

அய்யாவின் மூங்கில் பறியை அங்கே வைத்தேன். அதில் வந்து விழுந்த ஒன்றை எடுத்து, அதன் செட்டையில் ஆத்தாவின் சிவப்பு நூலைக் கட்டி விட்டேன். அது விர்ரென்று கூட்டத்துக்குள் போனது. கூட்டம் கொஞ்சம் விலகி நின்றது, பிறகு சேர்ந்துகொண்டது. நான் சோற்றைப் போட்டபோது சிவப்பு நூல்தான் முதலில் வந்தது. மறுநாளும் அதே மீன் பறிக்குள் கிடந்தது. இப்படி வேறு வேறு மீனில் செய்து பார்த்துவிட்டேன். எதுவும் எதையும் கலைக்கவில்லை.

அய்யாவின் தூண்டிலிலேயே ஒருநாள் நூல் கட்டிய மீன் மாட்டிவிட்டது. அவர் அதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்னத்தா, மீனுக்குத் தாலி கட்டிவிட்டிருக்க. மாப்பிள்ளை யாரு?" என்றார். நீ போன பிறகு அவர் பேசிய முதல் விளையாட்டுப் பேச்சு அது. நான் உனக்காகச் செய்கிறேன் என்று சொல்லிவிடலாம் போல் இருந்தது. பறியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால் அய்யா சொல்வதுதான் சரி என்று எழுதுகிறேன். விட்ட மீன் யாரையும் விரட்டவில்லை.

அந்தக் காசிமாயன் பேச்சை நீ விளையாட்டுக்குத்தான் எழுதினாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கீழே வாழைத்தோப்புப் பள்ளத்தில் போன வருசம் யாரோ தோட்டா போட்டது உனக்கு மறந்திருக்காது. நாம் இருவரும்தானே போய்ப் பார்த்தோம். பெரிய மீனைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அரிசி அரிசியாகக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றோடு கரை ஓரம் ஒதுங்கிக் கிடந்தன. நீ ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாய். இப்போது அங்கே தவளை கூடக் கத்துவதில்லை. தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒச்சம்மாள்

*

போடிமெட்டு,
25-6-78

ஒச்சு,

உன் சோதனை செல்லாது.

பறியில விழுந்த மீனுக்கு என்ன தெரியும்? ஒரு வீட்டுக்குள்ள போயிட்டு வெளிய வந்த மாதிரி இருந்திருக்கும். அய்யா பறியா போடுறாரு? தூண்டில்ல வாயைக் கிழிச்சு எடுத்துட்டு, அப்புறம் கும்பிட்டு விடுறாரு. அடிபட்டவன் பேசுற பேச்சு வேற. தூண்டில்ல பிடிச்சதை விட்டுப் பாரு. பாத்துட்டு மறைக்காம எழுது. நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும், அதான் உங்கிட்டக் கேக்குறேன்.

காசிமாயன் விளையாட்டுக்குச் சொல்லலை. மேஸ்திரிக்கு ஆடிப் பதினெட்டுக்கு மீன் கொண்டாந்து தர்றோம்னு வாக்குக் குடுத்துட்டான், எம்பேரையும் சேர்த்து. தோட்டா எடுத்து வச்சாச்சு. எங்க வச்சிருக்கோம்னு எழுத மாட்டேன். ஜீப்புக்கும் ஆளு பேசியாச்சு.

நீ பயந்துக்காதே. கண்டபடி எறிய மாட்டோம். கீழ இறங்கி, அரிசியைத் தூவி, மீனு மேல வந்து மொய்க்கிறதைக் கண்ணால பாத்த பிறகுதான் பத்த வைப்போம். மீனு இல்லேன்னா பேசாம திரும்பி வந்துருவோம். ஒரு தோட்டா வெளிய எடுக்குறதுக்குள்ள என்ன பாடுன்னு எங்களுக்குத்தான் தெரியும், வெறுந் தண்ணியில போடவா?

ஆடிப் பதினெட்டுக்கு அய்யா தூண்டில் போட மாட்டாரு. ஊருச்சனம் கீழ அணைக்கட்டுக்குத்தான் போகும், அதுவும் வெயில் ஏறின பிறகு. அதனால விடிஞ்சதும் வர்றோம். கூட்டம் எந்நேரம் பாறைக்கடியில நிக்கும், எந்நேரம் வெளிய வரும்னு உனக்குத்தான் தெரியும். எழுது.

அய்யா "காலை வைக்காதே"ன்னுதான் சொன்னாரு. நான் காலை வைக்கப் போறதில்லையே.

துரை

*

முந்தல்,
8-7-1978

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். அய்யா, "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். ஆமாம், கேட்டார். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார். "குளிராக இருக்கிறதாம்" என்றேன். "கம்பளி வச்சிருக்கானா?" என்றார். நான் தெரியாது என்றேன். வேறு என்ன சொல்ல? உங்கள் பிள்ளை உங்கள் கசத்தை வெடி வைத்துப் பிளக்க வருகிறான் என்றா? அய்யா அன்றைக்கு அரிவாளோடு அங்கே நிற்பார். நீயும் சும்மா நிற்க மாட்டாய், உன்னோடு வருகிறவனும் சும்மா நிற்க மாட்டான். ஆத்தாவிடமும் சொல்லவில்லை. ஆத்தாவால் ஒன்றை ஒரு ராத்திரி கூட அடக்கி வைக்க முடியாது.

நீ மறைக்காமல் எழுது என்றாய். எழுதுகிறேன்.

தூண்டிலில் பிடித்தேன். கொக்கி மேல் உதட்டில் ஏறியிருந்தது. கழற்றும்போது கிழிந்தது. இரத்தம் நூலாகத் தண்ணீரில் போனது. அந்த மீனை விட்டேன். அது கூட்டத்துக்குள் போனதும் நான் அதுவரை பார்க்காததைப் பார்த்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றன. பிறகு ஒரே நேரத்தில் திரும்பின. வேட்டியை உதறியது போல் இருந்தது. பிறகு தண்ணீரில் ஒன்றுமில்லை. சோறு போட்டேன். சோறு அடியில் போய்ப் படிந்தது. அடிபட்ட மீன் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் சாயும்போதுதான் ஒன்றிரண்டு திரும்பி வந்தன.

ஒருவேளை வேறு காரணம் இருக்குமோ என்று இன்னொரு நாளும் செய்தேன். அதே மாதிரிதான். அது சத்தம் போட்டுச் சொல்லவில்லை அண்ணே. அதன் இரத்தமோ, தோலோ, எதுவோ சொல்கிறது. அய்யா விடுகிற மீனை நான் கவனித்தேன். அவர் கொக்கியை ஈரக் கையால் திருப்பி, உதடு கிழியாமல் எடுக்கிறார். அப்படியும் சில நாள் கிழிந்துவிடுகிறது. அந்த நாட்களில்தான் ஆத்தா வெறுங்கூடையோடு நின்றிருக்கும். நீயும் சரி, அய்யாவும் சரி.

இதற்காகவா நீ வீட்டை விட்டுப் போனாய்?

கூட்டம் எந்நேரம் வரும் என்று நான் எழுத மாட்டேன். வராதே. வந்தே தீருவேன் என்றால் அந்த வெடியைக் கையில் பிடித்துக்கொண்டு மீன் கூடட்டும் என்று காத்துக்கொண்டு நிற்காதே. உனக்கு ஒன்று ஆனால் அய்யா உன்னை அனுப்பிய அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பார்?

ஒச்சம்மாள்

*

போடிமெட்டு,
20-7-78

ஒச்சு,

நான் சொன்னேன்ல. நான் சொன்னேன்ல! காசிமாயன்கிட்டப் படிச்சுக் காட்டினேன். "உன் தங்கச்சி வாத்தியாரா போக வேண்டிய பிள்ளை"ன்னான். உனக்கு வெக்கமா இருக்கும், ஆனா சொன்னான்.

இங்க ஒரு காரியம் நடந்துபோச்சு. தேவாரத்து ஆளு ஒருத்தரு, ரெண்டு பிள்ளைக்காரரு. ஈரத்துல திரி அணைஞ்சுபோச்சுன்னு நினைச்சுக் கிட்டப் போயி குனிஞ்சு பாத்திருக்காரு. அணையலை. நான் எழுதுறதுக்கு அதுல ஒண்ணுமில்லை. கீழ கொண்டுபோறதுக்கு ரெண்டு சாக்கு போதுமா இருந்துச்சு. அன்னைக்குக் காலையில அவரு சாயாவைப் பாதி குடிச்சிட்டு, "வந்து குடிக்கேன்"னு சேட்டன்கிட்டச் சொல்லிட்டுப் போயிருந்தாரு. சேட்டன் அதைக் கொட்டலை. பொழுதுக்கும் அது மேசையிலயே இருந்துச்சு. எல்லாரும் அதைச் சுத்தி உக்காந்து சாயா குடிச்சோம்.

அதுக்கப்புறம் ஒரு திரியைப் பத்த வைக்க எனக்கு மூணு நாலு தீக்குச்சி ஆகுது. காசிமாயன்கிட்டச் சொல்லலை. சொன்னா சிரிப்பான். ஆனா ராவுல அவனும் தூங்குறதில்லை, எனக்குத் தெரியும்.

வேணாம்னு சொல்லிருவமான்னு ஒரு தடவை நினைச்சேன். வாக்குக் குடுத்தாச்சு. மேஸ்திரி தினமும், "என்னடா, மீனு உண்டா, இல்லே உங்க வாயில மட்டுந்தானா?"ன்னு கேக்குறாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. ஊருலயும் சிரிப்பு, இங்கயும் சிரிப்பு. எங்க போனாலும் நான் சிரிக்கிறதுக்குத்தானா?

கம்பளி இருக்கு. அய்யாகிட்டச் சொல்லு. நானா சொல்லச் சொன்னேன்னு சொல்லாதே.

துரை

*

முந்தல்,
31-7-1978

அண்ணனுக்கு,

இதை முந்தல் விலக்கில் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று எழுதுகிறேன். வியாழக்கிழமை ஆடிப் பதினெட்டு, புதன்கிழமைக்குள் இது சேட்டன் கடைக்கு வந்துவிட வேண்டும். வீரையா அண்ணன் ஜீப்பு இரண்டு நாளாக ஓடவில்லை. அச்சு உடைந்து போடியில் கிடக்கிறதாம். இல்லாவிட்டால் அவர் கையில் கொடுத்திருப்பேன். நானே வாய் திறந்து கேட்டிருப்பேன்.

அந்தத் தேவாரத்து ஆளைப் பற்றிப் படித்ததிலிருந்து நான் எங்கே பார்த்தாலும் அந்தப் பாதி டீ தெரிகிறது. அய்யாவிடம் கம்பளி இருக்கிறது என்று சொன்னேன். "அவனா சொல்லச் சொன்னான்?" என்றார். இல்லை என்றேன். "அதானே" என்றார். ஆனால் அன்று சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நீ வருவாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாமல் செய்தால் அது உன்னை ஏமாற்றுவது.

மீன் இல்லாவிட்டால் போடமாட்டோம், திரும்பி வந்துவிடுவோம் என்று எழுதினாய். மீன் இருக்காது. இரண்டு நாளாகத் தூண்டிலில் பிடித்துப் பானையில் உயிரோடு வைத்திருக்கிறேன். பனையேறி சாகாது, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். மூடியைத் தள்ளிக்கொண்டு ஒன்று வெளியே வந்து தரையில் செவுளை ஊன்றி ஊன்றி வாசல் வரை போய்விட்டது. ஆத்தா என்னிடம், "இது எதுக்குடி, கறிக்கும் இல்லாம விலைக்கும் இல்லாம?" என்றது. பதினெட்டுக்கு ஆற்றில் விடுவதற்கு என்றேன். நல்ல பிள்ளை என்று என் தலையைத் தடவியது. ஆத்தா தடவிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழலாம் போல் இருந்தது.

விடிவதற்கு முன்னால் பானையோடு பாறைக் குடைவுக்குப் போய்விடுவேன். ஒவ்வொன்றின் உதட்டையும் நான் கிழித்து, ஒன்றன்பின் ஒன்றாக விடவேண்டும். கரையிலிருந்து விட்டால் கூட்டம் நிற்கிற இடத்துக்குப் போகாது. ஒன்றை மட்டும் விட்டால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். இப்போது ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டது, மலையில் மழை, கலங்கலாக வருகிறது. அதனால் நீங்கள் வந்து போகும்வரை நான் தண்ணீருக்குள்ளேயே இருப்பேன். நான் இதுவரை ஒரு மீனையும் வேண்டுமென்று வதைத்தது இல்லை. அந்த நேரத்தில் என் கை எப்படி இருக்குமோ தெரியவில்லை.

நீ கீழே இறங்கி அரிசி தூவும்போது என்னைப் பார்ப்பாய். நான் பேச மாட்டேன். முன்பின் தெரியாத ஆம்பளைகள் முன்னால் நனைந்த பாவாடையோடு நிற்கப்போகிறேன். டீச்சர் எழுந்து படி என்றதற்கே பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள் நான். நீ அதை நினைத்துப் பார். பார்த்துவிட்டு உன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு போ. மீன் இல்லை என்று சொல்லு. யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது, தண்ணீரில் மீன் இல்லாவிட்டால் அதற்கு நீ என்ன செய்வாய்?

அவர்கள் போன பிறகு நீ மட்டும் திரும்பி வந்தால் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது. அய்யா அன்று வீட்டில் இருப்பார்.

ஒச்சம்மாள்

*

குரங்கணி,
1-8-78

ஒச்சு,

இனிமே சேட்டன் கடைக்கு எழுதாதே. நாங்க நேத்தே மெட்டுல இருந்து இறங்கிட்டோம். குரங்கணியில காசிமாயன் வீட்டுல இருக்கேன். அவங்க ஆத்தா கருவாட்டுக் குழம்பு வச்சுப் போட்டுச்சு, எம்புட்டு நாளாச்சு தெரியுமா வீட்டுச் சோறு தின்னு. வியாழக்கிழமை விடிய இங்க இருந்து ஜீப்பு எடுக்கிறோம்.

உனக்கு ஒரு நல்ல சேதி சொல்லத்தான் எழுதுறேன். கையில பிடிச்சுக்கிட்டுக் காத்து நிக்காதேன்னு எழுதியிருந்தேல்ல. அந்தத் தேவாரத்து ஆளுக்குப் பிறகு நான் அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து ராவு காசிமாயன்கிட்டத் தைரியமா சொல்லிட்டேன். "மாப்ளே, கீழ இறங்க வேணாம், அரிசியும் வேணாம், நின்னு பாக்கவும் வேணாம். தண்ணிதான் கலங்கிக் கிடக்கே, பாத்தா மட்டும் தெரியவா போகுது? மேல ரோட்டுல இருந்தே பத்த வச்சு உடனே போட்டுருவோம்"னேன். சிரிப்பான்னு நினைச்சேன். அவன் என் மூஞ்சியவே பாத்துட்டு, "நீ சொல்றதுதான் சரி"ன்னான். அவனுக்கும் பயம்தான் பாரு.

ரோட்டுல இருந்து கசம் தெரியாது, பாறை முதுகுதான் தெரியும். பரவாயில்லை. கூட்டம் பாறைக் குடைவுக்குள்ளதான் நிக்கும்னு நீயே எழுதியிருக்க, அந்த விளிம்பைப் பாத்து மூணு தோட்டாவையும் ஒண்ணா போட்டா தப்பாது. நாங்க ஜீப்புக்குப் பின்னால போயி உக்காந்துக்கிருவோம். எனக்கு ஒண்ணும் ஆகாது. உன் பேச்சைக் கேட்டுத்தான் இப்பிடிச் செய்றேன், இனிமேயாவது நிம்மதியா தூங்கு.

வேலை முடிஞ்சதும் மேஸ்திரிக்கு மீனைக் காசிமாயனும் ஜீப்புக்காரனும் கொண்டுபோயிருவானுங்க. நான் அங்கயே இறங்கி வீட்டுக்கு வரலாம்னு பாக்கேன். அய்யா வையட்டும். வஞ்சாலும் பரவாயில்லை. நீ மட்டும் நான் வரும்போது பக்கத்துல நில்லு.

இந்தக் கடுதாசி போடிக்குப் போயிட்டுத்தான் முந்தலுக்குத் திரும்பி வருமாம், வெள்ளிக்கிழமை ஆகும்னு இங்க தபால்காரரு சொல்றாரு. ஒண்ணும் முழுகிப் போகலை. காலங்காத்தால உனக்குக் கசத்துல என்ன சோலி?

துரை